மருதமுனைக் கைத்தறிக்கு ஒரு பொது அமைப்பு வேண்டும்

கிழக்கிலங்கையின் நெசவு என்றதும் நினைவுக்கு வருவது மருதமுனை. கல்முனை மாநகரின் வட பகுதியில், கடலுக்கும் வயலுக்கும் இடையே அமைந்த இம்முஸ்லிம் ஊரின் ஒழுங்கைகளில் தறியோசை தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வருகிறது. இங்கு நெய்யப்படும் சாரமும் சேலையும் நாட்டின் பல பாகங்களிலும் விலைபோகின்றன. பெருநாட் காலங்களிலும் சித்திரைப் புத்தாண்டிலும் அவற்றுக்கான தேவை பன்மடங்காகிறது. எனினும், இத்தனை பெயர் பெற்ற தொழிலைச் செய்வோர், நூல் வாங்கும்போதும் துணி விற்கும்போதும் அரசிடம் முறையிடும்போதும் தனித்தனியாகவே நிற்கின்றனர். இத்தொழிலின் முதன்மையான பலவீனம் இதுவே என்பது எமது கருத்தாகும்.

இதன் விளைவை 2022ஆம் ஆண்டு தெளிவாகக் காட்டியது. அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த ஒரு டொலரின் பெறுமதி, இரு மாதங்களுக்குள் 360 ரூபா வரை உயர்ந்தது. பருத்தி நூலும் சாயமும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருவதால், அவற்றின் விலையும் அதே வேகத்தில் ஏறியது. பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் டொலரில் சம்பாதித்து டொலரில் செலவிடுபவை. உள்நாட்டுச் சந்தைக்காக நெய்பவரோ ரூபாவில் விற்று, டொலர் விலையில் நூல் வாங்க வேண்டியவராவார். அவருக்காகப் பேசுவதற்கு வலுவான குரல் எதுவும் அன்று எழவில்லை.

மருதமுனை சோதனைகளுக்குப் புதிய ஊரன்று. 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கை இறக்குமதித் துணிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டபோது, நாடெங்கும் கைத்தறிகளும் விசைத்தறிகளும் ஓய்ந்தன. பின்னர் வந்த யுத்த காலம் போக்குவரத்தையும் சந்தையையும் முடக்கியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோள் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்திற்கு மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டது. மருதமுனையின் கரையோரக் குடியிருப்புகளோடு தறிகளும் அழிந்தன. இவ்வளவையும் தாங்கி இத்தொழில் எஞ்சியிருப்பது நெசவாளரின் உழைப்பினாலேயாகும். ஆனால் உழைப்பு மட்டும் ஒரு தொழிலை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு செல்லப் போதுமானதன்று.

இங்கு நாம் வலியுறுத்துவது உற்பத்தியாளர் சங்கமொன்றையாகும். இது கூட்டுறவுச் சங்கத்திலிருந்தும் தொழிற்சங்கத்திலிருந்தும் வேறுபட்டது. கூட்டுறவுச் சங்கம் அங்கத்தவர்களின் முதலைத் திரட்டி வாணிபம் செய்கிறது. தொழிற்சங்கம் கூலிக்கு உழைப்போரின் உரிமைகளைப் பேணுகிறது. உற்பத்தியாளர் சங்கமோ, தனித்தனியே தொழில் நடத்துவோர் தம் தொழிலைத் தாமே நடத்திக்கொண்டு, அனைவருக்கும் பொதுவான விடயங்களுக்காக மட்டும் ஒன்றுகூடும் அமைப்பாகும். துணியின் தரத்திலும் வடிவத்திலும் அவர்கள் போட்டியிடலாம், போட்டியிடவும் வேண்டும். ஆனால் நூல், ஊரின் பெயர், அரசின் கொள்கை, சாயக்கழிவு ஆகிய நான்கிலும் அவர்களது நலன் ஒன்றே.

முதலாவது, நூல். பத்துத் தறி வைத்திருப்பவர் சில்லறை விலைக்கு அண்மித்த விலையிலேயே நூலை வாங்குகிறார். பலர் கடனுக்கு வாங்குவதால், துணியையும் கடன் கொடுத்தவர் சொன்ன விலைக்கே விற்க வேண்டியவராகின்றனர். பல நூறு தறிகளின் தேவையை ஒன்றுசேர்த்து இறக்குமதியாளருடன் பேரம் பேசுவதற்குப் பெரிய முதல் தேவையில்லை. யாருக்கு எவ்வளவு நூல், எந்த மாதத்தில் தேவை என்ற நம்பகமான கணக்கே தேவை. அக்கணக்கை ஒரு சங்கத்தினாலேயே திரட்ட முடியும்.

இரண்டாவது, பெயர். ‘மருதமுனைச் சாரம்’ என்ற பெயருக்குச் சந்தையில் மதிப்பு இருப்பதனால், வேறிடத்துத் துணியும் அப்பெயரில் விற்கப்பட இடமுண்டு. மறுபுறம், மருதமுனையில் நெய்த துணி புறக்கோட்டை வணிகரின் அடையாளத்துடன் வெளிவந்து, ஊரின் பெயரே தெரியாமற் போவதும் உண்டு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம் கூட்டுக் குறிகளுக்கும் அத்தாட்சிக் குறிகளுக்கும் இடமளிக்கிறது. புவிசார் குறியீடுகளைப் பதிவு செய்வதற்கான ஏற்பாட்டை 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அவ்வாண்டிலேயே இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தில் புவிசார் குறியீட்டைப் பெற்றது. தமிழகத்தின் காஞ்சிபுரம் பட்டு இத்தகைய பாதுகாப்பை 2000களின் நடுப்பகுதியிலேயே பெற்றுவிட்டது. ஊரின் பெயர் எந்தத் தனியொருவரின் சொத்துமன்று. ஆகவே அதைப் பாதுகாக்குமாறு கோருவதற்கும், தர விதிகளை வகுப்பதற்கும், அவை மீறப்படாமற் கண்காணிப்பதற்கும் ஒரு பொது அமைப்பு இருந்தாக வேண்டும்.

மூன்றாவது, கொள்கை. ஒவ்வோர் ஆண்டும் வரவு செலவுத் திட்டம் தயாராகும் காலத்தில், கொழும்பின் வர்த்தக சம்மேளனங்கள் தமது யோசனைகளை எழுத்தில் சமர்ப்பிக்கின்றன. இறக்குமதித் துணிக்கு என்ன தீர்வை, நூலுக்கு என்ன வரி என்பன அங்கேயே தீர்மானமாகின்றன. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதமாக உயர்ந்து, பல விலக்களிப்புகளும் நீக்கப்பட்டபோது, தத்தம் துறைகளின் நிலையை எடுத்துரைக்கச் சங்கங்கள் உள்ளோரே முந்திக்கொண்டனர். 2020இல் பத்திக், கைத்தறித் துணி, உள்நாட்டு ஆடை உற்பத்திகளுக்கென இராஜாங்க அமைச்சொன்று ஏற்படுத்தப்பட்டது. இன்று அவ்வமைச்சு இல்லை. அமைச்சுகள் தோன்றும், மறையும். அதிகாரிகள் இடமாற்றம் பெறுவர். தொழிலின் நினைவையும் கோவைகளையும் காக்கவல்லது அத்தொழிலின் சொந்த அமைப்பு மட்டுமே.

நான்காவது, நீர். எமது கரையோரம் மணற்பாங்கானது, கிணறுகள் ஆழமற்றவை. வளவொன்றில் ஊற்றப்படும் சாயக்கழிவு அயல்வீட்டுக் கிணற்றைச் சென்றடைய நெடுங்காலம் எடுக்காது. ஒவ்வொரு நெசவகமும் தனித்தனியே சுத்திகரிப்பு வசதி அமைப்பது இயலாத காரியம். பொதுவான சாயச்சாலையும் பொதுவான சுத்திகரிப்பும் சாத்தியமானவை.

இவை ஏட்டில் மட்டும் உள்ள யோசனைகள் அல்ல. 2005 ஜனவரி முதலாம் திகதியுடன் உலக ஆடை வர்த்தகத்தின் ஒதுக்கீட்டு முறை முடிவுறவிருந்த நிலையில், தமக்குள் போட்டியிட்டு வந்த இலங்கையின் ஐந்து ஆடைத்துறைச் சங்கங்கள் 2002இல் ஒருங்கிணைந்த ஆடைச் சங்கங்களின் மன்றத்தை அமைத்தன. ஒதுக்கீடு நீங்கினால் எமது ஆடைத்துறை வீழ்ந்துவிடும் என அஞ்சியோர் பலர். அம்மன்றம் பொதுத் திட்டமொன்றை வகுத்தது; நேர்மையான தொழில் நிலைமைகளில் உற்பத்தியான ஆடைகள் என்ற அடையாளத்தை 2006 முதல் உலகச் சந்தையில் முன்வைத்தது. அத்துறை இன்றும் நாட்டின் முதன்மையான ஏற்றுமதித் துறையாக விளங்குகிறது.

தமிழகத்தின் திருப்பூர் இன்னுமொரு பாடத்தைத் தருகிறது. அங்கு 1990இல் உருவான ஏற்றுமதியாளர் சங்கம், சிறு பின்னலாடை நிலையங்கள் நிறைந்த நகருக்கு உலகச் சந்தையில் ஒரு முகவரியைப் பெற்றுக்கொடுத்தது. ஆனால் நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவை உரிய காலத்தில் எவரும் தடுக்கவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவினால் நூற்றுக்கணக்கான சாயச்சாலைகள் மூடப்பட்டன. கழிவுநீரை வெளிவிடாத பொதுச் சுத்திகரிப்பு முறைகளுக்கு மாறிய பின்னரே அவை மீண்டெழ முடிந்தது. சங்கம் என்பது சலுகை கேட்பதற்கான வாய் மட்டுமன்று. தன் அங்கத்தவரைக் கண்டித்துத் திருத்தும் கையும் அதற்கு வேண்டும்.

இவ்வளவு நன்மையிருந்தும் நம்மவர் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு, அவற்றைப் புறந்தள்ளுவதற்கில்லை. அடுத்த வீட்டுத் தறிக்காரரிடம் தன் வடிவங்களும் வாடிக்கையாளர் விபரங்களும் போய்விடும் என்ற அச்சம் ஒன்று. நூல் தேவையையும் சாயக்கழிவையும் பற்றிக் கூடிப் பேசுவதற்கு எவரும் தம் வடிவத்தை வெளியிட வேண்டியதில்லை என்பதே அதற்கான பதிலாகும். சங்கங்கள் மீதான நம்பிக்கையீனம் இரண்டாவது காரணம். கடற்கோளின் பின்னர் நிவாரணம் பெறுவதற்கென்றே இக்கரையோரத்தில் சங்கங்கள் பல தோன்றின. உதவி நின்றதும் பெயர்ப்பலகைகள் மட்டுமே எஞ்சின. பிறர் பணத்தை எதிர்பார்த்து உருவானவை அப்பணத்தோடு மறைந்ததில் வியப்பில்லை. சிறு தொகையேயாயினும் அங்கத்தவர் தாமே செலுத்தும் சந்தாவில் இயங்கும் அமைப்பே நிலைக்கும். சந்தா கொடுத்தவர் கணக்குக் கேட்பார்; கணக்குக் கேட்கப்படும் இடத்தில் ஊழல் குறையும்.

அரசியல் மூன்றாவது தடை. கல்முனைப் பிராந்தியத்தில் எந்த அமைப்பும் தேர்தற் காலத்தில் ஒரு கட்சியின் மேடையாக மாறிவிடும் ஆபத்தில் உள்ளது. கட்சிப் பதவி வகிப்போர் சங்க நிர்வாகத்தில் இடம்பெறலாகாது என்ற விதியை யாப்பிலேயே எழுதிவிடுவது நலம். நிர்வாகிகளின் பதவிக்காலமும் வரையறுக்கப்பட வேண்டும்.

எச்சரிக்கையொன்றும் அவசியம். உற்பத்தியாளர் ஒன்றுகூடுவது நெசவாளரின் கூலியைக் குறைக்கவோ, பேசிவைத்து விலையை உயர்த்தவோ அல்ல. தறி உரிமையாளர் மட்டுமல்ல, கூலிக்கு நெய்வோரும், வீட்டிலிருந்து நூல் சுற்றித்தரும் பெண்களும் இத்தொழிலின் பங்காளிகளே. நியாயமான கூலி கிடைக்காவிடில் இளைஞர் மத்திய கிழக்கு நாடுகளையே நாடுவர். நூலிருந்தும் நெய்வதற்கு ஆளிராது. ஆகவே அவர்களது பிரதிநிதிகளுக்கும் நிர்வாகத்தில் இடமளிக்கப்படுதல் வேண்டும்.

ஆரம்பம் சிறியதாகவே இருக்கட்டும். முதலாண்டில் தறிகளின் கணக்கெடுப்பும் கூட்டாக நூல் வாங்கும் ஒரு முயற்சியும் போதுமானவை. அதில் ஒவ்வொருவருக்கும் மிச்சமாகும் பணமே சங்கத்திற்கான சிறந்த விளம்பரமாக அமையும். அடுத்து ஊரின் பெயரைப் பதிவு செய்யும் பணியைத் தொடங்கலாம். ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் துணையைக் கணக்கியலிலும் நீர்ப் பரிசோதனையிலும் நாடலாம். காலப்போக்கில் காத்தான்குடி, ஆரையம்பதி போன்ற இடங்களின் நெசவாளரையும் இணைத்துக்கொண்டால், தமிழரும் முஸ்லிம்களும் பொது நலனுக்காக ஒரே மேசையில் அமரும் களமொன்றும் உருவாகும். எல்லைப் பிணக்குகள் ஓயாத இப்பிரதேசத்திற்கு அதுவும் ஒரு பெறுபேறே.

ஒற்றை இழையை எவரும் எளிதில் அறுத்துவிடலாம். பாவும் ஊடையும் சேர்ந்து துணியான பின்னர் அது அத்தனை இலகுவன்று. இதனை நாள்தோறும் தம் கைகளால் செய்து காட்டும் மக்களுக்கு நாம் புதிதாகக் கற்பிக்க எதுவுமில்லை. தறியில் கைக்கொள்ளும் அந்நெறியைத் தொழில் நிர்வாகத்திலும் கைக்கொள்ள அவர்கள் முன்வருதல் வேண்டும். அடுத்த நெருக்கடி வந்த பின்னர் கூடிப் பேசுவதைவிட, இன்றே கூடுவது மேல்.