திராட்சை மதுவும் தேயிலையும்

பொல்பிட்டியவை அடுத்துக் கெசல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் கூடிக் களனி கங்கையாகின்றன. அங்கிருந்து நோர்ட்டன்பிரிட்ஜ் வழியாக அட்டனுக்கு ஏறுவோர் வழிநெடுகக் காண்பது தேயிலை என்னும் ஒரே செடியையே. ஆயினும், தாழ்நிலத் தேயிலையின் சுவை வேறு. மலைமுகட்டுத் தேயிலையின் சுவை வேறு. ஒரே செடி பல சுவை தருவது எங்ஙனம்? மேலைநாட்டாரின் திராட்சை மது இதனை விளங்கிக்கொள்ளத் துணைபுரியும்.

வைன் எனப்படும் அம்மதுவின் வேற்றுமைகளுக்குப் பழத்தின் இனம், மண்ணும் காலநிலையும், ஆக்கும் முறை என்னும் மூன்றுமே காரணம். கருந்திராட்சையிலும் பெரும்பாலும் நிறம் இருப்பது தோலிலேதான், சாற்றில் அன்று. தோலோடு சேர்த்து நொதிக்கவிட்டால் செம்மதுவும், தோலை நீக்கிச் சாற்றை மட்டும் நொதிக்கவிட்டால் வெண்மதுவும் கிடைக்கும். மதுவம் என்னும் நுண்ணுயிர் சாற்றிலுள்ள சர்க்கரையை அற்ககோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகிறது. சர்க்கரை எஞ்சினால் மது இனிக்கும், எஞ்சாவிடின் இனிப்பிராது.

தேயிலையின் கதையும் இத்தகையதே. இலங்கையில் 2,000 அடிக்குக் கீழ் விளைவது தாழ்நிலத் தேயிலை. 4,000 அடி வரை இடைநிலம். அதற்கு மேல் உயர்நிலம். உயரத்தின் குளிரில் கொழுந்து மெல்ல வளர்வதால் மணம் மிகுகிறது. திம்புள்ளைப் பகுதியில் சனவரி முதல் மார்ச்சு வரையும், ஊவாவில் யூலை முதல் செப்டெம்பர் வரையும் வீசும் வறண்ட காற்று அம்மணத்தைச் சிறப்பிக்கிறது. பறித்த கொழுந்தை உடனே சூடேற்றினால் பச்சைத் தேயிலையாகும். வாட்டி, உருட்டி, காற்றுப்பட விட்டால், இலையின் நொதியங்கள் ஒட்சிசனோடு கூடி அதனைச் செம்பு நிறமாக்கும். பின்னர் உலர்த்தினால் கருந்தேயிலையாகும். ஓ.பி., பி.ஓ.பி., டஸ்ட் என்னும் பெயர்கள் சலித்தெடுத்த இலையின் அளவையே குறிப்பன. டஸ்ட் என்றதும் கழிவு என எண்ணுதல் தவறு.

இவ்வாறு தேயிலையை ஆக்கும் காற்றே, ஆக்கம் முடிந்தபின் அதற்குப் பகையாகிறது. திராட்சை மதுவின் நிலையும் வேறன்று. நொதித்தல் முற்றுப்பெற்றதும் மண்டி அடியில் தங்க, தெளிந்த மது வடிக்கப்பட்டுப் போத்தலில் நிறைக்கப்படுகிறது. உயிருள்ள மதுவமும் சர்க்கரையும் உள்ளே எஞ்சியிருந்தால், பெருகும் வாயு தக்கையைத் தள்ளிவிடும். காற்றுப் புகுந்தாலோ, பற்றீரியங்கள் மதுவைக் காடியாக்கிவிடும். தக்கை உலர்ந்து சுருங்காதிருக்கப் போத்தலைச் சாய்த்துக் கிடத்துவர். ஒளி கெடுக்காதிருக்கக் கரும்பச்சைக் கண்ணாடியைப் பயன்படுத்துவர்.

தேயிலைக்குக் காற்றோடு ஈரமும் பகை. நூற்றுக்கு ஏறக்குறைய மூன்று பங்கு ஈரமே எஞ்சும்படி உலர்த்திய தூள், அயலிலுள்ள ஈரத்தையும் வாசனையையும் விரைந்து உறிஞ்சிக்கொள்ளும். முற்காலத்தில் உலோகத்தாள் பதித்த ஒட்டுப்பலகைப் பெட்டிகள் அதனைக் காத்தன. இன்று பல மடிப்புக் காகிதப் பைகள் காக்கின்றன. வீட்டிலும் தேயிலையைக் கருவாட்டுக்கும் மசாலைக்கும் அருகில் வையாது, இறுக மூடிய பேணியில் வைத்தல் நன்று.

கொழும்பில் 1883ஆம் ஆண்டிலே தேயிலை ஏலம் தொடங்கிற்று. சுவைஞர் ஒரு கரண்டிச் சாயத்தை உறிஞ்சி, நாவில் புரட்டி, உமிழ்ந்துவிட்டு மதிப்பைக் கணிப்பர். மதுச் சுவைஞர் செய்வதும் இதுவே. அக்கரண்டியிலே மலையும், காற்றும், தொழிற்சாலையும் மட்டுமல்ல, கட்டிய பையின் செம்மையும் சோதிக்கப்படுகிறது. ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மழையிலும் பனியிலும் நின்று அதனைக் கிள்ளிய கைகளின் உழைப்பு, சரிவர மூடாத ஒரு பையினால் வீணாகிவிடக் கூடும். ஆகவே, பொதி செய்தல் என்பது தொழிலின் இறுதிப் படி மட்டுமன்று; முந்திய படிகள் அனைத்துக்கும் அதுவே காவலாகும்.