திரையில் வீரமும் மலையில் வீரமும்

பீர் முகமது என்னும் ஞானியாரின் பெயரால் வழங்கும் மலை பீர்மேடு. அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை மாலை லயத்து வாசலில் நின்று பார்ப்போமானால், சிறுவர் விளையாடும் ஒரு விளையாட்டைக் காணலாம். ஒருவன் கதாநாயகன், மற்ற நால்வர் வில்லனின் ஆட்கள். கையில் கிடைத்த குச்சியே வாள். வாயால் எழுப்பும் ஒலியே துப்பாக்கி வெடி. இவ்விளையாட்டில் தங்கைக்கும் ஓர் இடம் உண்டு. அவள் தூணருகே நின்று, "காப்பாற்றுங்கள்!" என்று கூவ வேண்டும். அவ்வளவே அவள் பங்கு.

ஆனால் அக்குழந்தைகளின் தாயோ, வாரத்தில் ஆறு நாளும் அட்டை கடிக்கும் ஈரச் சரிவில் ஏறி, கொழுந்தெடுத்து, நிறைந்த சாக்கைத் தலையில் சுமந்து நிறுவைக்குக் கொண்டு வருபவள். அவளைக் காப்பாற்ற எவரும் குதிரையேறி வருவதில்லை. தன்னையும் தன் குடும்பத்தையும் அவளே காப்பாற்றுகிறாள். கண்ணெதிரே இருக்கும் இவ்வீரம் குழந்தைகளின் விளையாட்டில் ஏன் இடம்பெறவில்லை? இதனைச் சற்றுச் சிந்திப்போம்.

வீரப் பெண்ணைப் படைப்பதில் தமிழர் பின்தங்கியவர் அல்லர். மதுரையை ஆண்ட அல்லியரசாணியின் கதையை நம் பாட்டிமார் இராகத்தோடு படித்தார்கள். ஆண்களை அஞ்சவைத்த அரசி அவள். எனினும் கதை எவ்வாறு முடிகிறது? அர்ச்சுனன் அவளைப் போரில் வெல்லவில்லை. வஞ்சகமாகப் புகுந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். பெண்ணின் வீரம் வியக்கத்தக்கது. ஆயினும் இறுதியில் அது அடக்கப்பட வேண்டியது என்பதே அக்கதை விட்டுச்சென்ற பாடம்.

பேசும்படம் வந்த தொடக்க ஆண்டுகளில் இப்பாடம் சிறிது தளர்ந்தது. 1935இல் பம்பாயில் வாடியா மூவிடோன் நிறுவனத்தார் 'ஹண்டர்வாலி' என்னும் படத்தை வெளியிட்டனர். ஆஸ்திரேலியாவில் பிறந்த நாடியா என்னும் நடிகை அதில் முகமூடியணிந்து, சவுக்கைச் சுழற்றித் தோன்றினார். ஆண்களைத் தலைக்குமேல் தூக்கியெறியும் ஆற்றல் அவருக்கு இருந்தது. சண்டைக் காட்சிகளைத் தாமே செய்தார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1937இல், தமிழில் 'மின்னல் கொடி' வந்தது. கே. டி. ருக்மிணி அதில் கொள்ளைக்காரி வேடம் பூண்டு சண்டையிட்டார். மக்கள் இவற்றை ஆவலுடன் பார்த்தனர். ஆகவே, பெண் சண்டையிட்டால் படம் ஓடாது என்னும் கூற்றுக்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை.

பின்னர் வந்த காலத்தில் வாள் முழுவதும் கதாநாயகன் கைக்கே சென்றது. கதாநாயகிக்கு எஞ்சியது காதலும் கண்ணீரும். அவள் படித்தவளாக, செல்வம் உடையவளாக, எதிர்த்துப் பேசுபவளாக இருந்தால், அவளைத் திருத்துவதே கதையாயிற்று. 1963இல் வந்த 'பெரிய இடத்துப் பெண்', 1972இல் வந்த 'பட்டிக்காடா பட்டணமா' ஆகியவை இவ்வகையில் பெரும் வெற்றி கண்ட படங்கள். அல்லியின் கதை புதிய உடை உடுத்திக்கொண்டு திரும்பி வந்தது என்றே கூறலாம்.

எப்போதாவது கதாநாயகிக்குத் துப்பாக்கி கிடைத்தாலும் வேறொரு குறை நேர்கிறது. நேயர்கள் ஒரு காட்சியை நினைவுக்குக் கொண்டுவரட்டும். ஆணும் பெண்ணும் ஒரே பகைவரோடு மோதுகின்றனர். ஆணுக்குக் கனத்த சட்டை, காலணி, கவசம். பெண்ணுக்கோ உடலை இறுக்கும் குறைந்த உடை. ஆண் அடிக்கும்போது காமிரா அவன் முகத்தையும் முட்டியையும் நோக்குகிறது. பெண் அடிக்கும்போது அது இடையிலும் தோளிலும் தங்கிவிடுகிறது. இங்கே அவள் செய்யும் செயல் துணைப்பொருள். அவள் உடலே காட்சிப்பொருள். வீராங்கனை என்ற பெயரில், பார்க்கும் ஆணின் கண்ணுக்கு விருந்து படைக்கப்படுகிறது. உடையின் அளவைக் குறித்து நாம் நெறி கூற வரவில்லை. அவ்வுடை அவள் செய்யும் காரியத்திற்காக அமைந்ததா, பார்ப்பவனுக்காக அமைந்ததா என்பதே கேள்வி.

இதற்கு மாறான சான்றும் உண்டு. 1990இல் தெலுங்கில் வெளிவந்து, தமிழில் 'வைஜயந்தி ஐ.பி.எஸ்.' என்று மொழிமாற்றம் பெற்ற படத்தில் விஜயசாந்தி காக்கி உடுப்பணிந்த போலீஸ் அதிகாரியாக நடித்தார். அந்நடிப்புக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அதிகாரமும் அறச்சினமும் அங்கே காட்சியைத் தாங்கின. 2025இல் மலையாளத்தில் வந்த 'லோகா' என்னும் படத்திலும் மீயாற்றல் படைத்தவள் ஒரு பெண்ணே. அதுவும் பெருவெற்றி பெற்றது.

இந்நோய் பெண்களை மட்டும் பற்றியதன்று. அண்மைக் காலத்தில் கதாநாயகனும் சட்டையைக் கழற்றி, வயிற்றுத் தசையின் கட்டுகளை எண்ணிக் காட்ட வேண்டியவனாகிவிட்டான். அதற்காக நடிகர்கள் மாதக்கணக்கில் உணவைக் குறைத்துப் பயிற்சி செய்கிறார்கள். பார்க்கும் இளைஞனோ தன் மெலிந்த தோளைக் கண்ணாடியில் கண்டு நாணுகிறான். அழுவது ஆண்மையன்று, அடிப்பதே ஆண்மை, மறுக்கும் பெண்ணை விடாமல் தொடர்வதே காதல் என்று அவன் கற்றுக்கொள்கிறான். இக்கல்வியின் விலையைப் பின்னாளில் கொடுப்பவர் அவன் தங்கையும் மனைவியும் ஆவர்.

இனி நம் மலைக்கே திரும்புவோம். பீர்மேட்டுக்கு வடக்கே, அதே இடுக்கி மாவட்டத்தில் உள்ளது மூணாறு. 2015 செப்டம்பரில் அங்கே தேயிலைத் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்திச் சாலையில் அமர்ந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். குறைக்கப்பட்ட போனஸை மீண்டும் 20 சதவீதமாக்க வேண்டும் என்பது கோரிக்கை. தங்களுக்காகப் பேச வந்த ஆண் தலைவர்களை விலக்கி, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் தாங்களே பேசினர். கையில் வாள் இல்லை. முதுகுக்குப் பின்னால் இசைக்குழு இல்லை. செப்டம்பர் 13ஆம் நாள் கோரிக்கை ஏற்கப்பட்டது. அதன்பின் நடந்த பேச்சில் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது.

ஆனால் 2017 ஏப்ரலில், பொறுப்பான பதவியில் இருந்த ஒருவர் மேடையில் அப்போராட்டத்தைக் குறித்துப் பேசியபோது, அப்பெண்களின் ஒழுக்கத்தையே ஐயுறும் சொற்கள் வெளிப்பட்டதாகப் பெருங்கண்டனம் எழுந்தது. அவர் பின்னர் வருத்தம் தெரிவித்தார். எனினும் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஆண்கள் போராடினால் அவர்கள் கோரிக்கை சரியா, தவறா என்று உலகம் ஆராய்கிறது. பெண்கள் போராடினால் அவர்கள் இரவில் எங்கே இருந்தார்கள் என்று கேட்கிறது. திரையில் அவள் உடலையே நோக்கிப் பழகிய கண், தெருவிலும் அவள் செயலைக் காணத் தவறுகிறது. காமிராவின் பிழை நம் பார்வையின் பிழையாகிவிடுகிறது.

படங்களைத் தடை செய்வதால் இது தீராது. பொழுதுபோக்கு ஏழைக்கும் வேண்டும். வீரக் கதைகள் குழந்தைக்கு வேண்டும். ஆயின் படம் முடிந்து வீடு திரும்பும் வழியில் குழந்தைகளோடு பேசலாம் அல்லவா? அந்தப் பெண் படத்தில் என்ன செய்தாள்? அவளாக முடிவெடுத்தது எது? கதாநாயகன் அடிக்காமல் சாதித்தது ஏதேனும் உண்டா? இம்மூன்று கேள்விகளே போதும். விடை கூறத் தொடங்கும் குழந்தை, பார்க்கவும் தொடங்கிவிடும்.

அவ்வாறு பார்க்கத் தொடங்கினால், அடுத்த ஞாயிறு லயத்து வாசலில் தங்கை தூணருகே நிற்க மாட்டாள். அவள் கையிலும் ஒரு குச்சி இருக்கும். அவ்விளையாட்டுக்கு முன்மாதிரி தேடி அவள் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. அடுப்படியில் அவள் தாய் நின்றுகொண்டிருக்கிறாள்.