கனடாவில் எழுதிய குறிப்பு. பிரேசிலில் பிழைத்த மெஷின்!

கடலூர் கோர்ட்டுப் பக்கம் ஆனாலும் சரி, சிதம்பரம் அண்ணாமலை நகர் ஆனாலும் சரி, நகல் எடுக்கும் கடைக்கு ஜனங்கள் வைத்த பேர் "ஜெராக்ஸ் கடை". மெஷின் மக்கர் செய்தால் மெக்கானிக் வருவார். அவருக்கே புரியாவிட்டால்?

அமெரிக்காவின் ஜெராக்ஸ் கம்பெனிக்கே இந்தத் தலைவலி இருந்தது. 1980-களில் ஜூலியன் ஆர் என்ற ஆராய்ச்சியாளர் மெக்கானிக்குகள் கூடவே சுற்றினார். கம்பெனிப் புத்தகத்தில் இல்லாத வித்தையெல்லாம் சாப்பாட்டு நேரத்து அரட்டையில் கைமாறியது. பார்ப்பவர்களுக்கு வெட்டிப் பேச்சு. உள்ளே முழுக்கத் தொழில் பாடம்!

அந்த அரட்டை கம்ப்யூட்டரில் ஏறியதுதான் "யுரேகா". 1990-களில் பிரான்சில் ஆரம்பம். ஒருவர் கண்டுபிடித்ததை எழுதுவார். அனுபவசாலிகள் சரி பார்ப்பார்கள். அப்புறம் எல்லோருக்கும் போகும். நம்ம ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் மாதிரி குட்மார்னிங் ரோஜாப்பூவுக்கு அங்கே இடமில்லை!

பிரேசிலில் ஒரு மெக்கானிக், 40 ஆயிரம் டாலர் கலர் மெஷினையே மாற்றித் தர இருந்தார். கனடாவின் மாண்ட்ரீல் நகர மெக்கானிக் எழுதிய குறிப்பு கண்ணில் பட்டது. ஒரு டாலர்கூடப் பெறாத சாமானை மாற்றினார். தீர்ந்தது வேலை!

குறிப்புக்குக் காசு தரட்டுமா என்ற பேச்சு வந்தது. மெக்கானிக்குகள் வேண்டாம் என்று விட்டார்கள். குறிப்போடு எழுதியவர் பேர் இருக்க வேண்டும், அவ்வளவுதான்!