ஆரம்ப வகுப்பில் ஒரே ஒரு போன்: கல்விச் செயலிகளால் எமது பிள்ளைகளுக்கு என்ன பயன்?

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் அண்மைக் காலமாக ஒரே கேள்வி அடிக்கடி எழுகிறது. "எங்கட புள்ளைகள்ற வகுப்புக்கு எப்ப ஸ்மார்ட் போர்ட் வரும்?" பெற்றோரின் ஆர்வம் நியாயமானது. ஆனால் கிழக்கிலே ஆரம்பப் பிரிவில் நீண்ட காலமாகக் கற்பித்து வரும் ஆசிரியை என்ற வகையில், பேச்சை வேறு இடத்தில் தொடங்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். எமது பல ஆரம்ப வகுப்புகளில் உள்ள ஒரே கருவி ஆசிரியரின் சொந்தக் கையடக்கத் தொலைபேசிதான். முப்பத்தைந்து, நாற்பது பிள்ளைகள், அரைச்சுவருக்கு அப்பால் இன்னொரு வகுப்பின் சத்தம், ஒரு போன். இந்த நிலைமையில் எது உதவும், எது உதவாது என்பதே எமக்குத் தேவையான பேச்சு.

2020 மார்ச்சில் கொரோனா காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது வட்ஸ்அப் குழுமம்தான் எமது வகுப்பறையானது. அன்று வேறு வழியிருக்கவில்லை. பாடசாலைகள் திறந்த பின்னும் அந்தப் பழக்கம் மட்டும் போகவில்லை. இரவு ஒன்பது மணிக்குச் செயலட்டை வருகிறது. வீட்டிலுள்ள ஒரே போன் வாப்பாவுடன் கடைக்கோ கடலுக்கோ போயிருக்கும். வாப்பா கட்டாரில் என்றால் அந்த நேரம்தான் அவர் கோல் எடுக்கும் நேரம். கடைசியில் உம்மா எழுதிக் கொடுக்கிறார். தரம் 2 பிள்ளையின் கொப்பியில் உம்மாவின் கையெழுத்தை இனங்காண எந்த ஆசிரியருக்கும் கஷ்டமில்லை. தரம் 1 முதல் 5 வரை போன் இல்லாமல் செய்ய முடியாத வீட்டுவேலை எதையும் கொடுக்கக் கூடாது என்பது எனது உறுதியான கருத்து. டேட்டா போட வசதியில்லாத வீட்டுப் பிள்ளை மறுநாள் வகுப்பில் தலைகுனிந்து இருக்க வேண்டியதில்லை.

சரி, வகுப்பறைக்குள் வருவோம். பல ஆசிரியர்கள் கஹூட் போன்ற வினாவிடைச் செயலிகளைப் பற்றிக் கேட்கிறார்கள். நல்ல கருவிதான். ஆனால் அதில் விடையளிக்கப் பிள்ளைகளின் கைகளில் கருவிகள் இருக்க வேண்டும். எமக்குப் பொருந்துவது பிளிக்கர்ஸ். இதில் பிள்ளைக்குத் தேவை ஒரு காகித அட்டை மாத்திரமே. இலவசமாகப் பதிவிறக்கி, போட்டோகொப்பி கடையில் அச்சிட்டுக்கொள்ளலாம். ஒவ்வோர் அட்டையிலும் வெவ்வேறு கறுப்பு வடிவம் இருக்கும். அதன் நான்கு பக்கங்களிலும் ஏ, பி, சி, டி என்ற எழுத்துக்கள் மிகச் சிறிதாக இருக்கும். பிள்ளை தான் சரியென நினைக்கும் எழுத்து மேலே வரும்படி அட்டையைத் திருப்பிப் பிடிப்பார். ஆசிரியர் போன் கமராவை வகுப்பின் குறுக்கே மெதுவாக நகர்த்தினால், எந்த இலக்க அட்டைக்காரர் என்ன விடை சொன்னார் என்று திரையில் தெரியும். வடிவங்கள் வேறுபடுவதால் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் கொப்பியடிப்பது இலகுவல்ல.

தரம் 3இல் பத்தைக் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 52இலிருந்து 27ஐக் கழிக்க வேண்டும். நான் கொடுக்கும் விடைகள் 25, 35, 79. இவை எழுந்தமானமாகப் போட்டவையல்ல. 35 என்று காட்டும் பிள்ளை, 2இலிருந்து 7ஐக் கழிக்க முடியாததால் தலைகீழாக 7இலிருந்து 2ஐக் கழித்திருக்கிறது. 79 என்பவர் கழித்தல் குறியைக் கவனிக்காமல் கூட்டிவிட்டார். சில நிமிடங்களில் வகுப்பு எனக்கு மூன்று குழுக்களாகத் தெரிந்துவிடும். 35 காட்டியவர்களைப் பாயில் உட்கார வைத்து, ஈர்க்குக் கட்டுகளைக் கொடுப்பேன். ஒரு கட்டை அவிழ்த்து பத்து ஈர்க்காக்கினால்தான் 7ஐ எடுக்கலாம் என்பதை அவர்களின் கைகளே கண்டுபிடிக்கும். கற்பித்த வேலையைச் செய்தது ஈர்க்குதான். ஆனால் யாருக்கு ஈர்க்குக் கொடுக்க வேண்டும் என்பதைப் போன் சொன்னது. வழமையாக "விளங்கிச்சா?" என்று கேட்டால் முழு வகுப்பும் "ஓம் டீச்சர்" என்றுதான் சொல்லும்! பின்வாங்கில் வாய் திறக்காமல் இருக்கும் பிள்ளையும் அட்டையைத் தூக்கும்.

வாசிப்பு இதைவிடச் சிக்கலானது. இந்தியாவின் பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ச் சிறுவர் கதைகள் ஏராளம் உள்ளன. வாசிப்பு மட்டப்படி பிரிக்கப்பட்டிருக்கும். திறந்த உரிமத்தில் வெளியிடப்படுவதால் பதிவிறக்கலாம், அச்சிடலாம், சொற்களை எமக்கேற்ப மாற்றவும் செய்யலாம். இந்த மாற்றும் உரிமை எமக்கு முக்கியம். தமிழகத்தில் தயாரான கதைகளிலும் செயலிகளிலும் "நாற்காலி" என்று வரும் இடத்தில் எமது பிள்ளை படத்தைப் பார்த்துக் "கதிரை" என்கிறது. "எலுமிச்சை" என்ற சொல்லுக்கு முன்னால் தடுமாறி நிற்கும் பிள்ளைக்குத் தேசிக்காய் நன்றாகத் தெரியும். அதை வாசிப்புக் குறைபாடு என்று பதிவதா? சொல்லை மாற்றி அச்சிட்டுக் கொடுத்தால் தடுமாற்றத்தின் உண்மையான காரணம் தெரிந்துவிடும்.

கூகுளின் ரீட் அலோங், பிள்ளை சத்தமாக வாசிப்பதைக் கேட்டு, தடுமாறும் சொல்லில் உதவும். கதைகளைப் பதிவிறக்கி வைத்தால் இணையமின்றியும் இயங்கும். தமிழும் உண்டு. தனியே வாசிக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு இது நல்ல துணை. மனிதர் முன்னால் பிழைவிட வெட்கப்படுபவர் போன் முன்னால் வெட்கப்படுவதில்லை. ஆனால் இரைச்சலான வகுப்பில் இது சரிவராது. நான் இடைவேளையில் மர நிழலில் இருவர் மூவராகவே வாசிக்க வைக்கிறேன். எமது பேச்சில் ழகரமும் ளகரமும் கலந்துவிடுவதால், செயலி ஏற்றுக்கொண்டதா இல்லையா என்பதை வைத்து நான் புள்ளி போடுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என் காதால் கேட்கிறேன்.

யூடியூப் காணொளிகள் பற்றி ஒரு வார்த்தை. காணொளியைப் போட்டவுடன் வகுப்பு அமைதியாகிவிடும். மேற்பார்வைக்கு வருபவருக்கு அது அழகான காட்சி. நாற்பது நிமிடம் வாயும் கையும் அசையாமல் இருந்த ஏழு வயதுப் பிள்ளை என்ன கற்றது என்று கேட்டால்தான் சங்கடம். வண்ணத்துப்பூச்சி கூட்டுப்புழுவிலிருந்து வெளிவருவதை மூன்று நிமிடம் காட்டலாம். வகுப்பில் அதை வேறு எப்படிக் காட்டுவது? பிறகு நிறுத்திவிட்டுத் தோட்டத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள், எலுமிச்சை, மன்னிக்கவும், தேசி இலையில் புழுவைத் தேடட்டும்.

பிள்ளைகளின் பெயர், படம், பிறந்த திகதி போன்றவற்றை எந்தச் செயலியிலும் நான் பதிவதில்லை. அட்டை இலக்கம் போதும். பெயர்ப்பட்டியல் என் கொப்பியில் இருக்கிறது. எமது நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது என்பதைப் பாடசாலைகளும் பிரத்தியேக வகுப்பு நடத்துவோரும் நினைவில் வைப்பது நல்லது.

பழைய மாணவர்கள் அன்பளித்த ஸ்மார்ட் போர்ட் ஒன்று பூட்டிய அறையில் துணி போர்த்தபடி இருப்பதை நான் அறிந்த ஒரு பாடசாலையில் காணலாம். பழுதானால் யார் பொறுப்பு என்ற பயத்தில் எவரும் தொடுவதில்லை. அதன் விலையில் சிறு பகுதியைக் கொண்டு ஆரம்பப் பிரிவு முழுவதற்கும் தடித்த தாளில் அட்டைகளும் கதைப் புத்தகங்களும் அச்சிட்டு, ஆசிரியர்களுக்கு மாதாந்த டேட்டாவும் போட்டுக் கொடுத்திருக்கலாம். அடுத்த அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் நிதி பற்றிப் பேச்சு வரும்போது, உங்கள் பிள்ளையின் வகுப்பு ஆசிரியரிடம் "டீச்சர், உங்களுக்கு என்ன தேவை?" என்று முதலில் கேளுங்கள்.