காய்கறிப் பாத்தியில் துணைப் பூச்செடிகள்

காய்கறிச் செடிகளுக்கு இடையிலோ பாத்தியின் ஓரத்திலோ, அழகுக்காகவும் பயிருக்கு உதவியாகவும் வளர்க்கப்படும் பூச்செடிகள் துணைப் பூச்செடிகள் எனப்படும். தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, வண்டலூர் முதலிய சென்னையின் தென்புறநகர்களில் வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் காய்கறி வளர்ப்போர் பலர் இவற்றையும் சேர்த்தே வளர்க்கின்றனர்.

செண்டுமல்லி

இவற்றுள் முதன்மையானது செண்டுமல்லி. துலுக்கச் சாமந்தி, கேந்தி என்றும் இதற்குப் பெயர் உண்டு, பிறப்பிடம் மெக்சிகோ. நான்கு செடி வைத்தால் எல்லாப் பூச்சியும் ஓடிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. அது சரியன்று. பூச்சியை விரட்டுவதைவிடத் தன்னிடம் இழுப்பதே தக்காளி வயலில் இதன் வேலை. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி இதன் மொட்டிலும் பூவிலும் முட்டையிடும். எனவே 16 வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி பரிந்துரைக்கப்படுகிறது. நடும்போது தக்காளி நாற்றுக்கு 25 நாள், செண்டுமல்லி நாற்றுக்கு 40 முதல் 45 நாள் வயது இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கும். புழு விழுந்த பூக்களைப் பறித்து அழிக்காவிட்டால் பாத்திக்கு நாமே புழு வளர்த்துக் கொடுத்ததாகும்.

இதன் வேரிலுள்ள வேதிப்பொருள் வேர்முடிச்சு நூற்புழுவையும் கட்டுப்படுத்தும். அதற்கு ஓரத்தில் ஒன்றிரண்டு செடி போதாது. காய்கறி நடுவதற்கு முன் ஏறத்தாழ இரண்டு மாதம் அந்த இடம் முழுவதும் நெருக்கமாக வளர்த்து, மண்ணில் மடக்கிவிட வேண்டும்.

காலைப் பூவும் மாலைப் பூவும்

பூசணி, பாகல், வெள்ளரி ஆகியவை காலையில் மலர்பவை. காய் பிடிக்கத் தேனீ வேண்டும். அடுக்கிதழ்ச் செண்டுமல்லியைவிட ஒற்றையடுக்கு வகை, காஸ்மோஸ், பூக்கவிட்ட துளசி, கொத்தமல்லி ஆகியவற்றுக்கே தேனீக்கள் மிகுதியாக வரும். கொத்தமல்லிப் பூ, அசுவினியைத் தின்னும் பொறிவண்டுகளையும் அழைக்கும். பத்துமணிப் பூ பாத்திக்கு நல்ல அழகு. ஆனால் அது விரியும் நேரத்தில் பூசணிப் பூ வாடத் தொடங்கிவிடும். சுரை, புடலை, பீர்க்கு மாலையில் மலர்வதால் பகல் பூக்களால் அவற்றுக்குப் பெரிய பயனில்லை. கையால் மகரந்தம் தொட்டு வைப்பதே நம்பகமான வழி.

தவிர்க்க வேண்டியவை

செம்பருத்தி வெண்டையின் குடும்பத்தைச் சேர்ந்தது. மாவுப்பூச்சி இரண்டையும் தாக்கும், அருகருகே வைக்கலாகாது. அரளி, நித்தியகல்யாணி இரண்டும் நச்சுச் செடிகள். கீரைப் பாத்தி அருகில் இருந்தால் பறிக்கும்போது இலை கலந்துவிடக்கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில் கூடுதல் கவனம் தேவை.

பருவம்

வடகிழக்குப் பருவமழையில் முடிச்சூர், வரதராஜபுரம் போன்ற தாழ்வான பகுதிகளில் தண்ணீர் தேங்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் இவை கடுமையாகப் பாதிக்கப்பட்டன. தேங்கிய நீரில் செண்டுமல்லியின் வேர் அழுகிவிடும். ஆகவே கார்த்திகைத் தொடக்கத்தில் மழைபடாத தாழ்வாரத்தில் செண்டுமல்லியையும், மூன்று வாரம் கழித்துத் தக்காளியையும் நாற்றுவிட்டு, மழை ஓய்ந்ததும் மார்கழி நடுவில் மேட்டுப்பாத்தியில் சேர்த்து நடலாம். சித்திரை வெயிலில் செண்டுமல்லியில் சிவப்புச் சிலந்திப்பேன் பெருகும். இலை வெளிறி, அடியில் நூலாம்படை தெரிந்தால் அச்செடியைப் பிடுங்கிவிட வேண்டும். விட்டால் கத்தரிக்கும் தாவும்.