வௌவாலின் பசியும் குதிரையின் காய்ச்சலும்

கொள்ளைநோய் ஒப்பந்தத்தை 2025 மே 20-ஆம் தேதி ஏற்றுக்கொண்ட உலக சுகாதாரப் பேரவை, அதன் இணைப்பு ஆவணத்துக்கு 2026 மே மாதத்தைக் கெடுவாக வைத்தது முதல், வாசகர் கடிதங்களில் ஒரே சந்தேகம் பல ரூபங்களில் தலைகாட்டுகிறது: காட்டைக் காத்தால் வௌவால் பெருகும், வௌவால் பெருகினால் வியாதியும் பெருகாதோ? ‘தடுப்பு’ என்று அந்த ஒப்பந்தம் வாய்நிறையச் சொன்னாலும், கெடுவுக்குரிய இணைப்போ கிருமி மாதிரிகளையும் அவற்றால் விளையும் மருந்துகளையும் தேசங்கள் பங்கிட்டுக்கொள்வதைப் பற்றியது; அதாவது, வந்த பின் செய்யும் காரியம். வராமல் செய்வதற்கோ ஆஸ்திரேலியாவில் ஓர் அத்தாட்சி உண்டு.

1994-இல் பிரிஸ்பேனின் ஹெண்ட்ரா புறநகரில் பந்தயக் குதிரைகள் மூச்சுத் திணறி மாண்டு, அவற்றின் பயிற்சியாளரும் உயிர்நீத்தபோது வெளிப்பட்ட ஹெண்ட்ரா வைரஸ், பழந்தின்னி வௌவால்களின் தேகத்தில் அவற்றுக்கு யாதொரு தீங்குமின்றி வாசம் செய்வது. அவற்றின் சிறுநீர் விழுந்த புல்லை மேயும் குதிரைக்கும், குதிரையிடமிருந்து மனிதனுக்கும் தாவுவது.

பூந்தேனைத் தேடி ஊர் ஊராக அலையும் இந்த ஜீவன்களுக்குக் குளிர்காலமே பஞ்சகாலம். அப்போது பூக்கும் சில மரங்களும் (நாம் இங்கே சதா வைது தீர்க்கும் தைலமரத்தின் இனத்தவை அங்கே சுதேசிகள், அவற்றுள் சிலவும் இதில் சேர்த்தி) பண்ணைக்கும் நகரத்துக்கும் உகந்த சமநிலங்களில் நின்றதால் வெட்டுண்டு போக, பட்டினி கிடக்கும் வௌவால்கள் சிறுசிறு கூட்டங்களாகப் பிரிந்து, குதிரை மேயும் வேலியோரத்து மரங்களில் தங்கி, அந்தப் பசியின் நலிவில் கிருமியையும் மிகுதியாகக் கழிக்கின்றன. 1996 முதல் 2020 வரையிலான விவரங்களைத் திரட்டி, பெகி ஈபி, ரெய்னா பிளோரைட் முதலியோர் 2022-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆராய்ச்சி காட்டுவது இதுதான்: எல் நினோவால் உணவு அருகிய காலத்தை அடுத்த குளிர்காலங்களில் தொற்று தாவுவது மிகுந்தது, எஞ்சிய காடு குளிர்காலத்தில் பூத்துக் குலுங்கிய ஆண்டுகளிலோ, வௌவால்கள் பண்ணைகளைத் துறந்து அங்கே திரண்டன, குதிரைகள் தப்பின. 2020-இல் ஜிம்பி நகரருகே அப்படித் திரண்டவை இரண்டு லட்சத்துக்கும் மேல். ஆகவே அஞ்சவேண்டியது வௌவாலின் தொகையை அன்று, அதன் பட்டினியையும் அது பசியோடு வந்து தங்கும் இடத்தையும்.

வௌவால்களைக் கொன்றுவிட்டால்? தப்பியவை சிதறிப் புதுப்புது இடங்களுக்குப் போகும்.

தடுப்பூசி? குதிரைக்கு 2012 முதல் உண்டு, மனிதருக்கு இல்லை.

காட்டைக் காத்தால் தொற்று குறையும் என்பது எல்லா வியாதிக்கும் பொருந்துமா? பொருந்தாது; அமெரிக்காவில் உண்ணிகளால் பரவும் லைம் நோய், மீண்டும் தழைத்த காட்டை ஒட்டிய வீடுகளிலேயே மிகுந்தது.

குளிர்காலத்தில் பூக்கும் மரங்களை இன்று நட்டால் என்று பயன்? மரம் பூக்கும் பருவத்தை எட்டப் பல ஆண்டுகள் செல்லும். எட்டிய பிறகும் அது ஆண்டுதோறும் பூப்பதில்லை. நிற்கும் காட்டை வெட்டாதிருப்பதற்கு மட்டும் காத்திருக்க வேண்டியதில்லை.