உடம்புக்கும் ஒரு எஸ்.ஐ.பி. போடுங்க!

மாசாமாசம் சின்னத் தொகையா சேமிக்கிறதைப் பத்தி நிறைய பேசியிருக்கோம். இன்னைக்கு அதே கணக்கை உடல் எடைக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல்ல என் கதை. மதுரை கோச்சடையில இருக்கேன். எடையைக் குறைக்கணும்னு ஒரு ஜிம்ல வருஷக் கட்டணத்தை மொத்தமா கட்டினேன். ராத்திரி சாப்பாட்டையும் நிறுத்திட்டேன். எல்லாம் மூணு வாரம்தான். நாலாவது வாரம் கறிதோசை முன்னாடி உட்கார்ந்திருந்தேன். குறைஞ்ச எடை திரும்ப வந்துடுச்சு, கட்டின பணம் வரல! தப்பு ஜிம் மேல இல்ல; மொத்தமா போட்டுட்டு சீக்கிரம் லாபம் எதிர்பார்த்த என் மேலதான்.

அதனால இப்போ மூணே மூணு பழக்கம்.

1. டீயில ஒரு ஸ்பூன் கம்மி. ஒரு நாளைக்கு மூணு டீ, ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்பூன் சீனி குறைச்சா 15 கிராம் மிச்சம். வருஷத்துக்குக் கிட்டத்தட்ட அஞ்சரை கிலோ சீனி உங்க வயித்துக்குள்ள போகாது!

2. பக்கத்துக் கடைக்கு வண்டி எடுக்காதீங்க. மேலக்கால் ரோட்டுல பால் வாங்கக்கூட பைக்லதான் போவேன். இப்போ நடை. பத்து நிமிஷத்துல ஆரம்பிச்சு அரை மணி நேரத்துக்குக் கொண்டு வாங்க.

3. தட்டுல பாதி காய். சோறு வேண்டாம்னு சொல்லல. முதல்ல காயை வையுங்க, மிச்ச இடத்துல சோறு.

"இதெல்லாம் வேலைக்கு ஆகுமா?"னு கேக்குறீங்களா? சென்னையில டாக்டர் அ.ராமச்சந்திரன் குழு 531 பேரை வச்சு நடத்தின ஆய்வு 2006-ல வெளியாச்சு. எல்லாருமே சர்க்கரை நோயின் விளிம்புல இருந்தவங்க. வழக்கம்போல இருந்தவங்கள்ல சுமார் மூணு வருஷத்துல நூத்துக்கு 55 பேருக்கு நோய் வந்துச்சு. தினமும் நடந்து, சீனியையும் மாவுப் பண்டத்தையும் குறைச்சவங்கள்ல அது 39 பேர்தான். இத்தனைக்கும் அவங்க எடை பெருசா குறையவே இல்ல!

இதுதான் முக்கியமான விஷயம். எடை மெஷின் முள்ளு நகரலன்னு பழக்கத்தை விட்டுடாதீங்க. மார்க்கெட் விழுந்துச்சுன்னு எஸ்.ஐ.பி.-ஐ நிறுத்துற மாதிரிதான் அது. தினமும் எடை பார்க்காதீங்க. வாரம் ஒரு நாள், காலையில வெறும் வயித்துல பார்த்து நோட்டுல எழுதுங்க. சர்க்கரை மாத்திரை எடுக்குறவங்க மட்டும் சாப்பாட்டை மாத்துறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

மாத்திரை, டெஸ்ட்னு மாசாமாசம் பணம் போற வீடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அந்தச் செலவைத் தள்ளிப் போடுறதும் சேமிப்புதான். நாளைக்குக் காலை டீயில இருந்தே முதல் தவணையைக் கட்டுங்க!